சத்தம் குறையும் இடம்

சந்தியில் ஓட்டோவை நிறுத்தி, மைக்கை நகத்தால் தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமுவார் சிவரூபன். அதன்பின் வருவது வேறு குரல். பிறப்பிடம், வதிவிடம், மக்கள், மருமக்கள், கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஓட்டோக் கூரையின் ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து கணீரென்று இறங்குவார்கள். வலிகாமத்து ஒழுங்கைகளில் மரண அறிவித்தல் சொல்வதுதான் அவர் தொழில். "பூதவுடல் தகனக்கிரியைக்காக" என்றதும் அவருடைய இடக்கை அம்பிளிபையரின் குமிழுக்குப் போகும். மயானத்தின் பெயர் யாருக்கும் கேட்காது. "எடுத்துச் செல்லப்படும்" என்பதில் சத்தம் திரும்பி வந்துவிடும்.

"உன்ரை பெட்டி அந்த இடத்திலை மட்டும் ஏன் விக்குது?" என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சீண்டுவார்.

"அதுக்கு வெக்கம் கூட, அண்ணை."

கடைக்காரர் மேலே கேட்கமாட்டார். அவருக்கும் தெரியும். ஊரில் இரண்டு சுடலைகள். தெருவோரம் மதில் கட்டிய ஆலடி ஒரு பகுதியாருக்கு. மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் உப்புவெளி மற்றவர்களுக்கு. சுடலையின் பெயரைச் சொன்னால் செத்தவரின் சாதியைச் சொன்னதாயிற்று. எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி. கோயிலும் கல்லூரியும் நிறைந்த ஊர், பிணத்திடம் சாதி கேட்டுத்தான் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

சிவரூபன் உப்புவெளிப் பக்கம். சவாரியோ அறிவித்தலோ இல்லாத நேரத்தில் வாசிகசாலைப் புத்தகம் ஒன்று ஹாண்டிலில் விரிந்திருக்கும். சோளகக் காற்று வீசிய ஒரு காலத்தில் உப்புவெளிச் சாம்பல் காற்றோடு எழும்பி ஆலடி மதிலைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, ஓட்டோவிலேயே இருந்து ஒரு தெருநாடகம் எழுதினார். அத்துமீறி நுழைந்ததாகச் சாம்பல் மீது ஆலடிப் பெரியவர்கள் வழக்குப் போடுகிறார்கள். அதுதான் கதை.

சாம்பலாக நடித்தவர் நமசிவாயம். ஆயுள் முழுக்கப் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர், சிவரூபனின் ஒழுங்கைக்காரர். மேலெல்லாம் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு கூண்டில் ஏறுவார். "நீ எந்தப் பகுதி?" என்பார் நீதவான். நமசிவாயம் பணிவாகக் கைகட்டி, "எரியிறதுக்கு முன்னமோ, பிறகோ ஐயா?" என்று கேட்பார்.

நெல்லியடிச் சந்தையில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வல்வெட்டித்துறையில் முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கைதட்டு ஓயவில்லை. மயானங்களைப் பொதுவாக்கச் சொல்லி, அந்தக் கேள்வியை மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு உப்புவெளிப் பெண்கள் பிரதேச சபையின் ஒவ்வொரு அமர்வு நாளிலும் வாசலில் குந்தினார்கள். மழைக்கும் எழும்பவில்லை.

அதற்கிடையில் நமசிவாயத்தின் நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. பார்க்கப் போன சிவரூபனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புவை அந்த உப்புவெளித் தண்ணிக்கை வைச்சு மூண்டு தரம் கொளுத்தினது, தம்பி. என்னை அங்கை கொண்டுபோகாதை." வாக்குக் கொடுக்கச் சிவரூபன் கையில் சபை இருக்கவில்லை.

மயானத் தீர்மானம் சபையில் வாக்கெடுப்புக்கு வந்த நாளில் எதிர்த்துப் பேச எழுந்த உறுப்பினர், ஒவ்வொரு பகுதியாருக்கும் ஒரு வழக்கம் உண்டு என்று தொடங்கினார். "எரியிறதுக்கு முன்னமோ, பிறகோ?" என்றது பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல். சபையே சிரித்தது. அவருடைய கட்சிக்காரரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். சபைக்குட்பட்ட மயானங்கள் எல்லாருக்கும் பொது, மறிப்பவர் மீது வழக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. காலம் மாறிவிட்டது என்று இப்போது பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். காலம் தானாக எதையும் மாற்றியதில்லை. இதை மாற்றியது ஒரு ஓட்டோக்காரரின் நாடகமும், நனைந்தபடி குந்தியிருந்த பெண்களும்.

செய்தியைக் கேட்ட நமசிவாயம், "அப்ப சாம்பல் வெண்டிட்டுது" என்றார். அந்த மாரியிலேயே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை, கொட்டும் மழையில் சிவரூபனின் ஓட்டோ சந்தியில் நின்றது. அறிவித்தல் தொடங்கியது. கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் படிக்கு வந்தார். "அன்னாரின் பூதவுடல் தகனக்கிரியைக்காக" என்றபோது இடக்கை பழக்கத்தில் குமிழுக்குப் போனது. சிவரூபன் அதைப் பார்த்தார். பிறகு, இனித் திரும்பாது என்கிற இடம் வரைக்கும் வலப்பக்கம் திருகினார்.

"ஆலடிப் பொது மயானத்திற்கு."