பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம்

அக்கா புஷ்பவதியின் புருஷன் தியாகலிங்கம் அத்தானுக்கு வாய் சும்மா இருக்காது. ஓக்லாந்தின் நியூ லின்னில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். பகல் முழுக்க மற்றவர்களின் வழக்குகளைத் தட்டச்சு செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை மண்டபத்தில் நடக்கும் பூசைக்கு வந்து பகிடி விடுவார்.

எண்பத்தொன்பதில், தங்கள் மதத்தை இழிவுபடுத்துகிறது என்று லண்டனில் முஸ்லிம்கள் ஒரு புத்தகத்துக்கு எதிராக ஊர்வலம் போன செய்தி எல்லோர் வாயிலும் இருந்தது. பூசை முடிந்து வடை தின்னும்போது சங்கத் தலைவர் தவராசா தொடங்கினார்.

"இங்கிலாந்திலை தெய்வநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவருக்குத்தான். எங்கடை சாமிக்கும் பாதுகாப்பு வேணும்."

"முதல்லை பிள்ளையாரை உங்கடை கராஜ் ஈரத்திலையிருந்து பாதுகாப்பம்," என்றார் அத்தான். "கிழமை முழுக்கப் புல்லுவெட்டுற மெஷினோடை கிடக்கிறார்."

உண்மைதான். கோயில் இல்லாத காலம். பிள்ளையார் அட்டைப்பெட்டிக்குள் தவராசாவின் கராஜில்தான் இருந்தார். சனம் சிரித்தது. அதே சனம் அடுத்த கிழமை கமிட்டி கூடி, தியாகலிங்கம் சாமியை அவமதித்தார், மன்னிப்புக் கேட்கும்வரை வரக்கூடாது என்று தீர்மானித்தது.

"இஞ்சை என்னை ஒருத்தரும் கோட்டுக்கு ஏத்தேலாது," என்று அத்தான் சிரித்தார். கோர்ட் எதற்கு இவர்களுக்கு? வீட்டுக்கு டெலிபோன் வருவது நின்றது. மூலைக்கடை டெய்ரியில் அக்காவைக் கண்டால் சங்கத்து ஆட்கள் பால் வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

அந்தக் குளிர்காலம் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். உரலில் மஞ்சளை இடித்துச் சுண்ணப் பொடியாக்கி, அதற்குரிய பாட்டைப் பாடித்தான் எங்களில் பிணம் எடுப்பது. ஓக்லாந்தில் அந்தப் பாட்டு தவராசா ஒருவருக்குத்தான் பாடம்.

"பாட்டில்லாமல் என்னை அனுப்பிப்போடாதேங்கோ," என்றாள் அக்கா.

அத்தான் மண்டபத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். தவராசாவுக்கு அது போதவில்லை.

"பிள்ளையாரிட்டைக் கேளும். நான் காணும், போதும் எண்டு சொல்லுமட்டும் தோப்புக்கரணம் போடும்."

முழங்கால் வாதக்காரர் அத்தான். காதைப் பிடித்துக்கொண்டு குந்தினார், எழும்பினார், குந்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் வடைத் தட்டைப் பார்த்தார்கள். தவராசாவின் கழுத்தை நெரிக்கத்தான் நான் எழும்பினேன். அத்தான் கண்ணால் வேண்டாம் என்றார். கடைசியில் எழும்ப முடியாமல் நிலத்தில் விழுந்தபோதுதான் தவராசா வாய் திறந்தார்.

"காணும். பாட வருவன்."

அத்தான் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அவள் அந்த நிம்மதியோடுதான் கண்ணை மூடினாள்.

செத்தவீட்டன்று காலை அத்தானின் கிளென் ஈடன் வீட்டில் உரலும் உலக்கையும் மஞ்சளும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். டெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"பிள்ளையார் மன்னிச்சிருப்பார், தங்கச்சி," என்றார் தவராசா. "கமிட்டி இன்னும் மன்னிக்கேல்லை."

அத்தானிடம் அப்படியே சொன்னேன்.

"கோட்டிலை எண்டால் தண்டனைக்கு ஒரு முடிவு சொல்லுவாங்கள், பிள்ளை," என்றார்.

பிறகு உலக்கையை எடுத்துத் தானே இடித்தார். பாட்டு வரவில்லை. இடிக்கிற சத்தத்தோடு மட்டும் அக்காவைக் கொண்டுபோனோம்.