ஜக்குக்கு வைத்த முத்திரை

என் கணவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா; தபாலுக்கு அரக்கு வைத்து முத்திரை குத்துவது அவர் வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், மூட்டை கட்டும்போது வேண்டாமென்று ஒதுக்கிய கண்ணாடி ஜக்கை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பரிசு என்று ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தார் இவர். என்னைத் தொடவிடாமல் தானே துடைத்து, தானே கைப்பிடியை உடைத்தார்.

எதை வைத்து ஒட்டுவது என்று இரண்டு நாள் ஆலோசனை. எதிர்வீட்டுப் படகுக்காரர் குங்கிலியப் பிசினை மீன் எண்ணெயில் காய்ச்சிக் கொண்டுவந்தார். "எங்க படகே இத்தாலதான் மெதக்குது நைனா. அரக்கு வாணாம், சூடு பட்டா இளகிப் பூடும்" என்றார்.

"துரை ஜக்குக்கு மீன் நாற்றமா?" என்று அவரை விரட்டிவிட்டு, இவர் ஆபீஸ் அரக்கை உருக்கி ஒட்டினார். அதோடு விட்டாரா? கைப்பழக்கத்தில், கோட்டுப் பையிலிருந்த கம்பெனி முத்திரையை எடுத்து அதன்மேல் அழுத்தியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்கிளார்க் வந்தார். கொதிக்கும் காப்பியை அந்த ஜக்கில்தான் ஊற்ற வேண்டுமென்று இவர் அடம்பிடித்தார். நான் மறுபேச்சில்லாமல் ஊற்றினேன். இவரே அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் அரக்கு இளகி, ஜக்கு ஹெட்கிளார்க் காலடியில் சிதறியது. கைப்பிடி மட்டும் இவர் கையில் நின்றது.

ஹெட்கிளார்க் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த முத்திரையைத்தான் உற்றுப் பார்த்தார்.

"கம்பெனி முத்திரை உம்ம வீட்டுக்கு எப்படிய்யா வந்தது?"

அன்று எங்கள் வீட்டில் நன்றாக ஒட்டியிருந்தது என் கணவரின் வாய் ஒன்றுதான்.