பூட்டுக்காரரின் ஒரு வாய் டோஸ்ட்

பூட்டுக்காரர் விருந்தில் தட்டோடு வருகிறார் என்றால், தெரிந்தவர்கள் தாடையைத் தடவிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் சிரித்த முகமாகக் கையை நீட்டுவார்கள்.

பார்ப்பதற்கு அந்த டோஸ்ட் அத்தனை அழகாக இருக்கும். ரொட்டியின் ஓரத்தை நீக்கி, நீள்வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி, ஓவனில் பொறுமையாகப் பொன்னிறமாக்குவார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பார். ‘டக்’ என்று சத்தம் வந்தால்தான் அடுத்த வேலை. அதன்மேல் மிளகும் தேனும் சேர்த்து அடித்த வெள்ளை சீஸ். சீஸின் மேல் எலுமிச்சைச் சாறு தொட்ட பேரிக்காய்த் துண்டுகள், விசிறி போல விரித்து. உச்சியில் பாதி திராட்சை, பக்கத்தில் ஒரு புதினா இலை. பழத்தின் ஈரம் ரொட்டியைத் தொட்டால் மொறுமொறுப்பு போய்விடும், அதனால் சீஸ் நடுவில் நின்று காவல் காக்கிறது என்பார். எல்லாம் சரிதான். அளவுதான் கொஞ்சம் முன்னே பின்னே.

அவருடைய உள்ளங்கையில் முக்கால்வாசி வரும் அந்த டோஸ்ட். அதை ஒரே வாயில் போட்டாக வேண்டும். பாதியைக் கடிக்கலாம் என்று பார்த்தால் மறுபாதி வெடித்துச் சிதறும். திராட்சை சட்டைப் பைக்குள் குதிக்கும். சீஸ் பக்கத்தில் நிற்பவரின் தோளில் போய் உட்காரும். தட்டில் வைத்துவிட்டு நைசாக நழுவலாம் என்றால் அவர் இடத்தை விட்டு நகர மாட்டார். எதிரில் நின்று, “ம், போடுங்க” என்பார்.

போட்டவர்களுக்குக் கண் கலங்கும். கன்னம் இரண்டும் புடைத்து, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு பூட்டுக்காரருக்கு வேண்டியதில்லை.

“பாத்தியா, ஒருத்தருக்கும் பேச்சே வரல” என்று மனைவியிடம் சொல்வார்.

மனைவிக்கும் பேச்சு வராது. அவள் வாயிலும் ஒன்று இருக்கும்.

கடைத்தெரு மூலையில் செருப்புக் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற அகலத்தில் இருந்தது அவருடைய பூட்டுக் கடை. சுவர் முழுக்க வெட்டப்படாத சாவிகள் தொங்கும். காற்றடித்தால் கடையே கலகலவென்று சிரிக்கிற மாதிரி இருக்கும். தொலைந்த சாவி, மாட்டிக்கொண்ட கதவு, மனைவி பூட்டிவிட்டுப் போன பீரோ என்று ஊரில் யாருக்கு எது திறக்கவில்லையென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. மேலே ஹாலில் யாருக்கோ வரவேற்பு. கீழே குளிர் அறையின் கதவு மாட்டிக்கொண்டு, உள்ளே மொத்த விருந்தும் கூடவே ஒரு சமையல்காரரும் இருந்தார்கள். பூட்டுக்காரர் திறந்துவிட்டார். வெளியே வந்த சமையல்காரர் அவருக்கு முதலில் கொடுத்தது ஒரு சீஸ் டோஸ்ட், மேலே பழம் வைத்தது.

வாயில் போட்ட பூட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். ருசி அவரை மயக்கியது. ஆனால் அது நாக்கில் பட்டதும் காணாமல் போய்விட்டது. கன்னத்துக்குச் சேதி போவதற்குள் கதை முடிந்துவிட்டது. “சின்னதா செஞ்சுட்டாங்க, பாவம்” என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். “ஒரு வாய்னா ஒரு வாய் இருக்க வேணாமா?”

அன்றே கடையில் ஒரு தகரத் துண்டை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றார். வாயைத் திறந்து, தகரத்தை வளைத்து, கச்சிதமாக உள்ளே போகிற அளவுக்கு ஒரு வெட்டு அச்சு செய்துவிட்டார். பூட்டு வேலைக்காரர் அல்லவா, மயிரிழை பிசகாது.

அவருடைய வாயைப் பற்றி மரியாதையாகச் சொல்வதென்றால், அது விசாலமானது. மூடியிருக்கும்போது தெரியாது. சின்ன மீசைக்குக் கீழே அடக்கமாக இருக்கும். கொட்டாவி விட்டால்தான் எதிரில் இருப்பவர் ஓரடி பின்வாங்குவார். ஆனால் தன் வாயைத் தானே பார்த்து வளர்ந்த மனிதருக்கு, ஊரில் எல்லா வாயும் அப்படித்தான் என்ற எண்ணம். வேறு எப்படி இருக்கும்?

அதன் பிறகு வீட்டில் ஒரு பிறந்தநாள், ஒரு பணி ஓய்வு, தேர்வில் யாராவது தேறியது, எதுவானாலும் டோஸ்ட்தான். யாரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. சாப்பிடும்போது சொல்ல வழியில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். மனைவியின் தம்பி மட்டும் ஒரு தந்திரம் வைத்திருந்தான். டோஸ்ட்டைக் கையில் வாங்கியதும் போன் வந்த மாதிரி பால்கனிக்கு ஓடிவிடுவான். அங்கே பூந்தொட்டி ஒன்று பேரிக்காயும் சீஸும் தின்று செழித்து நின்றது.

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அம்மா பல் டாக்டர்.

“வரவேற்புக்கு டோஸ்ட் முழுக்க நம்ம பொறுப்பு” என்று பூட்டுக்காரர் அறிவித்தார். அவருக்கு உச்சி குளிர்ந்திருந்தது. மகள் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அம்மா, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் புதுத் துணியில வருவாங்க. போட்டோகிராபர் நிப்பான். அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டு, கண்ணுல தண்ணியோட... ஆல்பம் முழுக்க அப்படித்தான் இருக்கும். நீதான் அப்பாகிட்ட சொல்லணும்.”

“நீயே சொல்லேன்.”

“என் முகத்தைப் பாத்தா அவர் அழுதுடுவார். உன் முகத்தைப் பாத்தா கேட்டுக்குவார்.”

“இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுடி சொல்றது?”

அதுதான் அவளுடைய சங்கடம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சொல்லோடு போயிருக்கும். இப்போது சொன்னால், இதுவரை அவர் கொடுத்த ஒவ்வொரு டோஸ்ட்டையும் பிடுங்கிக்கொள்வது போல ஆகிவிடும். சொல்லாவிட்டால் மகள் கல்யாணத்தில் ஊர் சிரிக்கும்.

சொல்லாமலே காரியத்தை முடிக்கப் பார்த்தாள். தகர அச்சை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். அவர் சாயங்காலமே புதிதாக ஒன்று செய்துகொண்டு வந்தார், முன்னதைவிடக் கொஞ்சம் தாராளமாக. பேக்கரியில் சொல்லிச் சின்ன ரொட்டியாக வாங்கிவந்தாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்காரரிடம் போய், “ஏம்ப்பா, மாவு விலை ஏறினா சொல்லிட்டு ஏத்து. இப்படி ரொட்டிய நோஞ்சானாக்காதே” என்று சண்டை பிடித்துவிட்டு வந்தார். தம்பியைத் தூது அனுப்பினாள். அவன் போய் உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், கடைசியில் ஒரு சைக்கிள் பூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“எங்கிட்ட சைக்கிளே இல்லக்கா” என்றான் பாவமாக.

அதற்குள் சம்பந்தி வீட்டார் பேச வருகிற நாள் வந்துவிட்டது. டாக்டரம்மாவும் மாப்பிள்ளையும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பூட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். மனைவி அவசரமாகத் தண்ணீர்த் தம்ளர்களை விருந்தாளிகள் பக்கம் நகர்த்தி வைத்தாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒன்றை எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி. இதை எப்படிச் சாப்பிடணும்?”

“ஒரே வாயில.”

“நீங்க ஒண்ணு சாப்பிட்டுக் காட்டுங்களேன்.”

பூட்டுக்காரர் மீசையை ஒதுக்கிக்கொண்டு ஒன்றை உள்ளே தள்ளினார். பெட்டிக்குள் இழுப்பறை போவது போலச் சத்தமில்லாமல் போனது. மென்றார், விழுங்கினார், புன்னகைத்தார்.

டாக்டரம்மா தன் டோஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் ஒரு தொழில்காரரின் சந்தோஷம்.

“சம்பந்தி, இன்னொரு தடவை திறங்க. நல்லா.”

அவர் திறந்தார். கைப்பையிலிருந்து சின்ன டார்ச் வந்தது.

“சாதாரணமா ஒருத்தர் வாயில அவங்க விரல் மூணு நெட்டுக்குத்தா போகும். உங்க விரலையே வைங்க பாப்போம். அடடா, நாலு தாராளமா போகுதே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாய் பாத்ததில்ல. கடைசிப் பல்லு வரைக்கும் வாசல்ல நின்னே பாக்கலாம் போல. உங்களுக்கு வைத்தியம் பண்றவங்க குடுத்து வச்சவங்க.” பிறகு தட்டைப் பார்த்தார். “அதான். இது உங்க வாய்க்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு.”

“அளவெடுத்துத்தான் செஞ்சேன்” என்றார் பூட்டுக்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “எங்க, நீ திற.”

அவள் திறந்தாள். அவர் பார்த்தார். மகள் திறந்தாள். பார்த்தார். மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே மரியாதைக்காகத் திறந்தான். அவனுடையது எல்லாவற்றிலும் சின்னது.

“அப்ப இத்தனை நாளா எல்லாரும் பேச்சு வராம இருந்தது?”

“வாயில எடமில்லங்க” என்றாள் மனைவி.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணத்துக்கு ஹோட்டலிலேயே சொல்லிவிடலாம் என்று மறுநாள் அவரே சொன்னார். மகள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் ஹோட்டலுக்குப் போன் செய்யவில்லை. நம்பரை எடுப்பாள், வைப்பாள். அப்பா சாப்பாட்டை அளந்து அளந்து சின்ன உருண்டையாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் போன் செய்ய மனசு வரும்? மனைவி அரிசி டப்பாவிலிருந்த பழைய அச்சை எடுத்துத் துடைத்து அவர் கண்ணில் படும்படி வைத்தாள். அவர் அதற்கு ஓர் அடித்தகடு வைத்து, ஆணிகள் போட்டு வைக்கிற தட்டாக்கிக்கொண்டார்.

ஒரு வாரம் போல அப்படியே ஓடியது. பிறகு தம்பி மூச்சிரைக்க வந்தான்.

“அக்கா, மச்சானுக்கு என்ன ஆச்சு? சாவி வெட்ட வந்தவனையெல்லாம் வாயத் திறக்கச் சொல்றாராம். அளவுகோல் வச்சு அளக்கிறாராம். செருப்புக் கடைக்காரன் பயந்துபோய்க் கடைய அடைச்சுட்டான்.”

“உன்னை அளந்தாரா?”

“என்னைத்தான் முதல்ல. ‘இந்த வாய வச்சுக்கிட்டா இத்தனை பேச்சு பேசின மாப்ள’ன்னார்.”

மனைவிக்கு உயிர் வந்தது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பூட்டுக்காரர் தானாகவே பேச்செடுத்தார். “நான் என்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? ஒரு சாவிய வெட்டி வச்சுக்கிட்டு ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கப் பாத்திருக்கேன். புதுசா தொழில் கத்துக்கிறவன்கூட இதைப் பண்ண மாட்டான்.”

“யாரு வாயை அளவா எடுத்தீங்க?”

“கல்யாண மாப்பிள்ளை வாயை. அதுல போச்சுன்னா யாருக்கும் போகும்.”

வரவேற்பன்று மண்டபத்துச் சமையலறையில் அவர் வரிசை வரிசையாக அடுக்கினார். கட்டைவிரல் அகலத்துக்கு நீள்வட்டங்கள். பேரிக்காயை விசிறியாக விரிக்க இடமில்லாமல் ஒரே இதழாக வைத்தார். திராட்சை பாதி போய்க் காலானது. தட்டைத் தூக்கும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. பொம்மைக்குச் சமைத்த மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் எடுத்தார்கள். வாயில் போட்டார்கள். வாயை மூடினார்கள். யாருக்கும் கண் கலங்கவில்லை. பூட்டுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. மென்றுகொண்டே டாக்டரம்மா சொன்னார்: “சம்பந்தி, மிளகு ஒரு பொட்டு தூக்கல்.”

பூட்டுக்காரர் அசைவற்று நின்றார். அவருடைய டோஸ்ட்டின் ருசியைப் பற்றி ஒரு மனிதப் பிறவி கருத்துச் சொல்வது அதுவே முதல் முறை.

“தூக்கலா? மிளகு இல்லேன்னா தேன் திகட்டுமே.”

“தேனைக் குறைங்க.”

“தேனைக் குறைச்சா பேரிக்காய் புளிக்கும்.”

“அத்திப்பழம் வைங்க” என்றார் இன்னொருவர், இரண்டாவதை எடுத்தபடி. மூன்றாவதில் இருந்த மச்சினன், “புதினா எதுக்கு மச்சான், பல்லுல மாட்டுது” என்றான். அவன் கையில் போனும் இல்லை, பால்கனிப் பக்கம் பார்வையும் இல்லை.

“பல்லுல மாட்டினா டாக்டரம்மா பாத்துக்குவாங்க. நீ சும்மா இரு மாப்ள” என்று பூட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். குரல் மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. திராட்சை கறுப்பா பச்சையா என்று ஒரு கூட்டம் பிரிந்தது. அவர் தட்டை ஒரு கையிலும் ஒரு திராட்சையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதாடினார்.

மேடையில் மணமக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் காத்துக் காத்துக் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

“அப்பா, வாங்கப்பா. உங்களுக்காகத்தான் நிக்கிறோம்” என்று மகள் கூப்பிட்டாள்.

“இரும்மா, இங்க ஒரு விஷயம் முடியல” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மனைவி பக்கத்து மேஜையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மூச்சு முட்டவில்லை. அதனால் ருசி தெரிந்தது. முதலில் உப்பு, பிறகு குளிர்ச்சி, கடைசியில் எங்கிருந்தோ மிளகு. இத்தனை காலம் இதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாளா? இன்னொன்று சாப்பிட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பேரிக்காய் இன்னும் இரண்டு நாள் பழுத்திருக்கலாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். “என்னங்க, பேரிக்காய் சரியா பழுக்கல.”

அவர் திரும்பினார். மீசைக்குக் கீழே அந்த வாய் முழுசாக விரிந்தது.

“வா, வா. நீயும் சொல்லு” என்று அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.