எதிர்க்கட்டில்

காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் பல புரதங்கள் என்ன வேலை செய்கின்றன என்று இன்னும் எவருக்கும் தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் பிழைப்பு. ஒன்றை நீக்கியதும் கிருமி நுரையீரலில் தங்க முடியாமல் வலுவிழந்தால், அதன் வீரியத்தில் அந்தப் புரதத்துக்கும் பங்கு உண்டென்று பிடித்துக்கொள்வோம்.

ஒன்றை நீக்கினால்தான் அதன் பங்கு தெரியும் என்பதை நான் முதலில் கண்டது தொண்ணூறுகளின் கடைசியில், இதே நோயோடு தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தபோது. எதிர்க்கட்டிலில் எழுவைதீவு மீனவர் ஒருவர். விடிந்தால் சத்தம்தான்.

"சொதியோ இது, கழுநீரோ?"

"டேய் தம்பி, குளிசை போட்டனியோ? முகத்தைச் சுழிக்காதை, விழுங்கு!"

எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. எப்போது தொலைவாரென்று வார்டு முழுவதுமே காத்திருந்தது. இப்போது அந்தச் சத்தத்துக்கு மனம் ஏங்குகிறது.

ஒருநாள் சுகமாகிப் படகேறிப் போனார். மறுநாள் தேத்தண்ணி ஆறிப்போய் வந்தது. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தோம். மத்தியானம் தாதி மிஸி வந்து மேசைகளைப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்கு ஒருத்தரும் குளிசை போடேல்லையோ?"

எல்லோரும் எதிர்க்கட்டிலைப் பார்த்தோம். அதில் புது விரிப்பு விரித்திருந்தது.