மாலினியின் குளவிகள்

பசறை பஸ்ஸில் நான் வளைவுகளுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது மாலினியின் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி போயிட்டா புள்ள. நெஞ்சு வலின்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." மேலே அவரால் பேச முடியவில்லை.

அவளை அறிந்த உங்களுக்கு அவளுடைய குளவிகளையும் தெரியும். பதுளையில் ஒரு கடை மாடியில் நாங்கள் இருவரும் வேலை செய்த அறை. அதன் சுவரில் புரொஜெக்டர் ஒளியாலான ஒரு குளவிக்கூடு. கமரா பார்த்துக்கொண்டே இருக்கும். எது அசைந்தாலும் குளவிகள் கிளம்பி வந்து அங்கே மொய்க்கும். கணினி வேலையெல்லாம் அவளுடையது, இரைச்சல் மட்டும் நான் சேர்த்தது. பயந்தாங்கொள்ளியான நான் ஒவ்வொரு முறையும் கதவுப் பக்கம் ஓடுவேன். "ஓடாதடீ. ஓடுனாதான் அதுங்க வெரட்டும்" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்தவர்.

கொழும்பில் காட்டியபோது ஜனங்கள் கையை வீசிக் கூத்தடித்தார்கள். அதே நினைப்பில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மண்டபத்துக்கும் கொண்டுபோனோம். பெண்கள் மலையிலிருந்து வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். நான் சத்தத்தைத் திறந்தேன். "குளவி!" என்று யாரோ அலறினார். அவ்வளவுதான், எல்லோரும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. சுவரில் குளவிகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன. நான் பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தினேன்.

மாலினி ஓடிப்போய் அவர்கள் நடுவில் மண்டியிட்டாள். "அக்கா, இது வெறும் வெளிச்சந்தான். எந்திரிங்க."

"வெளிச்சமோ என்னமோ, நீ மொதல்ல தலைய மூடு புள்ள" என்று ஒரு பெண் தன் படங்கில் பாதியை இழுத்து அவள்மேல் போட்டார்.

திரும்பி வரும்போது மாலினி அழுதாள். "எங்கம்மாவுக்கு இப்பிடி யாராச்சும் போத்தி விட்டிருந்தா..." அதன்பின் தோட்டங்களில் நாங்கள் சத்தம் வைக்கவில்லை.

அவளுடைய நினைவுக் கூட்டத்தை எங்கள் அறையிலேயே வைத்து, நண்பர்கள் குளவிகளையும் காட்டச் சொல்கிறார்கள். சரிபார்க்க நேற்று மத்தியானம் தனியாகப் போனேன். இயக்கிவிட்டு மூச்சைப் பிடித்து நின்றேன். குளவிகள் என்னை விட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த அவளுடைய நாற்காலியில் போய் மொய்த்தன. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் கண்டேன், ஜன்னல் காற்றில் அவளுடைய சால்வை ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் கால்கள் ஓடத்தான் பார்த்தன. அவள் சொன்னதை நினைத்து நின்றேன். காற்று நின்றது, குளவிகள் கூட்டுக்குப் போய்விட்டன. அவள் இனி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சால்வையை அவளுடைய அண்ணனிடம் கேட்டு நானே வைத்துக்கொண்டேன். கூட்டத்தன்று பயந்துகொண்டேதான் இயக்குவேன். சால்வையை அவளுடைய நாற்காலியில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பேன்.