காயவைத்த மண்

எழுபதுகளில் ஒரு நாள் காலை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டைத் திறந்தபோது பேராசிரியரும் நானும் இருந்தோம். பார்த்திருக்க வேண்டிய அம்மா அங்கே இல்லை. நாமக்கல் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டின் மண்ணை அவள்தான் சேலத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். தோண்டிய ஈரத்தோடு அப்படியே அனுப்பத்தான் கேட்டிருந்தேன். அவளோ கல் பொறுக்கி, சலித்து, வெயிலில் காயவைத்து அனுப்பினாள்.

“எல்லாருக்கும் ஊர்லருந்து முறுக்கு வருது, உனக்கு மண்ணு வருதா?” என்று விடுதியில் சிரித்தார்கள்.

காய்ந்ததே நல்லதாயிற்று. மற்றவை பெரும்பாலும் செத்துப்போக, மழை வாசனை வீசும் ஒரு பாக்டீரியா அதில் பிழைத்திருந்தது. அதைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்த்தேன். சுற்றிலும் நான் பரப்பியிருந்த நோய்க்கிருமி அதை நெருங்கவே இல்லை. நடுவில் தெளிவான ஒரு வட்டம்.

“மருந்து சுரக்குதுப்பா!” என்றார் பேராசிரியர்.

கோடை விடுமுறையில் குளிர்பெட்டி பழுதாகி அந்த பாக்டீரியா அழிந்துபோனது. மறுபடி மண்ணெடுக்க ஊருக்குப் போனேன்.

“ஏம்மா காயவெச்சு அனுப்புன?”

“ஈர மண்ணக் கண்டா நாலு பேரு உன்னயச் சிரிக்க மாட்டாங்களா சாமி?” என்றவள், தயங்கிச் சொன்னாள். “இப்பக் காடு நம்முளுது இல்ல. உம் படிப்புக்குத்தான் அப்பா வித்துப்போட்டாரு.”

போய்ப் பார்த்தேன். லாரி நிறுத்த சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்தை ஒருமுறை அம்மாவுக்குக் காட்ட முடிந்திருந்தால் என்று இன்றும் ஏங்குகிறேன். இரண்டு ஏக்கரும் போனது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு.