ஆடி கழியட்டுமுங்க

எனக்கு முன்கோபம் அதிகம் என்பது மில் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜரிடமே குரலை உயர்த்தியிருக்கிறேன். அந்தக் கோபம் உதவவேண்டிய ஒரே சமயத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.

கோயம்புத்தூரில் மில்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகளில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் பொல்லாதவர் இல்லை. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் வந்தவர், வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஊட்டுல ஒரு கெட்டது நடந்துபோச்சுன்னா, அப்புறம் யாரும் குடி வரமாட்டாங்க" என்றார். வாடகைக்கு இருப்பவர்கள் சாவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு அப்படித்தான் வழக்கம்.

கிணத்துக்கடவில் தோட்டத்துச் சாளை வீட்டில் குடியிருந்த என் மாமன், அம்மாவின் தம்பி, தன் அக்காவைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை.

"எம்பையன் ஊட்டுல இருந்துதான் போவேன் கண்ணு. பொறந்த ஊட்டுக் கோடி உன்ற வாசலுக்கு வரோணும்."

செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் கடைசிச் சேலை அது. அதை எதிர்பார்த்து அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே சிங்காநல்லூர் போகும் வழியில் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு அச்சாரம் கொடுத்தேன். ஆனி முடிவதற்குள் கிரயம் செய்து, காலி பண்ணிக் கொடுப்பதாக அக்ரிமெண்ட்.

வீட்டை விற்றவர் பஞ்சு வியாபாரம் பார்த்து ஓய்ந்த பெரியவர். ஈரோட்டில் இருந்த மகனிடம் போகவிருந்தார். ஆனி முடிந்தும் ஆள் அசையவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டுப் பெரியவர் எதிரே வந்து அழைத்துப்போனார். அவர் மனைவி ஒப்புட்டில் நெய்யை ஊற்றி முன்னால் வைத்தார்.

"ஆடியில யாருங்க ஊடு மாறுவாங்க? ஆடி கழியட்டுமுங்க" என்றார் பெரியவர்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியிலும் போனேன். கோயிலில் பூக்கேட்டதாகவும், சாமி இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அன்றைக்கும் சாப்பாடு போட்டார். வக்கீல் நோட்டீஸ் விடச் சொன்ன என் மனைவியிடம், "சாப்பிட்ட ஊட்டுக்கா நோட்டீஸ் விடறது?" என்றேன்.

"அப்ப அங்கயே போய்ச் சாப்பிட்டுட்டு இருங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்காமலில்லை. அம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டு தடுத்தாள். "சாகறதுக்கு ஊடு வாங்கறோம்னு தெரிஞ்சா அவரு விக்கமாட்டாரு கண்ணு. வாய்விட்டுச் சொல்லிப்போடாத."

ஆவணிக் கடைசியில் அம்மாவுக்குப் பேச்சு நின்றது. வாடகை வீட்டின் சொந்தக்காரர் மறுபடியும் வாசலில் வந்து நின்றார். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அம்மாவைக் கிணத்துக்கடவுக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவள் கண் திறந்துதான் இருந்தது. எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் இருந்திருக்கும்.

ஒரு வாரத்துக்குள் அங்கேயே போய்விட்டாள். கோடி போடும் நேரம் வந்தது. சேலை சாளைக்குள்ளே பக்கத்து அறையில்தான் இருந்தது. மாமன் அதை எடுத்துக்கொண்டு தட்டோடு வெளியே நடந்தார். வேலிப்படலைத் தாண்டி இட்டேரிப் பாதைவரை போய், அங்கிருந்து திரும்பி, வேற்றூரிலிருந்து வருகிறவரைப் போல மெதுவாக உள்ளே வந்தார். அக்காவுக்கு அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஐப்பசியில் கிரயம் முடிந்தது. பத்திர ஆபீஸில் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுப் பெரியவர் விசாரித்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ஆடியாவது ஒண்ணாவது, அன்னைக்கே சாவியக் குடுத்திருப்பனுங்களே" என்றார். கண் கலங்கியிருந்தது.

அது நிஜமா, வாய் உபசாரமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"பரவாயில்லீங்க" என்றேன்.